ஓடுகிறது, ஆனால் நகரவில்லை

2003 ஆகஸ்ட் 14, பிற்பகல் 2.14 மணி. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஆக்ரன் நகரில் உள்ள ஃபர்ஸ்ட் எனர்ஜி மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை. எங்காவது ஒரு மின்பாதை துண்டிக்கப்பட்டால் திரையில் எழுத்தாகவும் காதில் ஒலியாகவும் எச்சரிக்க வேண்டிய சாஃப்ட்வேர் அந்த நிமிடத்தோடு மௌனமானது. அறையில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. எச்சரிக்கை ஏதும் வரவில்லை, ஆகவே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். நினைக்கத்தானே செய்வார்கள்?

3.05க்கும் 3.41க்கும் இடையே 345 கிலோவோல்ட் மின்பாதைகள் மூன்று அடுத்தடுத்து மரக்கிளைகளில் உரசித் துண்டிக்கப்பட்டன. வெளியிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகள்தான் ஆக்ரன் அறைக்குச் சந்தேகத்தை ஏற்படுத்தின. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 4.10 தாண்டிய சில நிமிடங்களில் அமெரிக்காவின் 8 மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போய்விட்டது. 265 மின் நிலையங்கள் நின்றன.

அந்த எச்சரிக்கை சாஃப்ட்வேர் செத்துப்போயிருந்ததா என்றால், இல்லை. செத்திருந்தால் தேவலை. ஒரே தகவல் பட்டியலில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் எழுதப் போய், பட்டியல் கெட்டு, புரோகிராம் முடிவில்லாத சுழற்சியில் மாட்டிக்கொண்டிருந்தது. செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. எண்ணெய் மட்டும் வரவில்லை. வந்து குவிந்த தகவல்களைத் தாங்க முடியாமல் 2.41க்கு முதன்மை கம்ப்யூட்டர் விழுந்தது. துணைக் கம்ப்யூட்டர் விதிப்படி பொறுப்பேற்றது. சிக்கிக்கொண்ட புரோகிராமையும் சிக்கிய நிலையிலேயே வாங்கிக்கொண்டது. 13 நிமிடத்தில் அதுவும் விழுந்தது. 3.08க்குத் தொழில்நுட்ப ஊழியர்கள் முதன்மை கம்ப்யூட்டரைத் திரும்பக் கிளப்பினார்கள். அது கிளம்பிவிட்டது, சரி என்று போய்விட்டார்கள். எச்சரிக்கை வருகிறதா என்று கட்டுப்பாட்டு அறையில் யாரையும் கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை. சுமார் 40 லட்சம் வரி புரோகிராமைப் பல வாரங்கள் சலித்த பிறகுதான் மூலப் பிழை கண்ணில் பட்டது.

கம்ப்யூட்டர் துறையில் சாதாரணமாகத் தோன்றும் ஒரு கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. ஒரு புரோகிராமுக்குள் பல வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கும்போது, இந்தக் கணத்தில் எது எது நடந்துகொண்டிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அந்த வேலைகளுக்கு த்ரெட், அதாவது இழை, என்று பெயர். கல்யாண சமையற்கட்டை நினைத்துக்கொண்டால் புரியும். ஒரே சமையல் காண்டிராக்டு, ஒரே கொட்டகை. உள்ளே ஒருவர் சாம்பாருக்குக் கரைக்கிறார், ஒருவர் காய் நறுக்குகிறார், ஒருவர் அப்பளம் பொரிக்கிறார். அண்டா, அடுப்பு, மளிகை எல்லாம் பொது. இதில் ஒவ்வொருவரும் ஓர் இழை. பொதுச் சாமான்களை இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை வைத்துக் கெடுத்துவிடாமல் இருக்க உக்கிராண அறைக்கு ஒரே சாவி. சாவி யாரிடம் இருக்கிறதோ அவரே உள்ளே போகலாம். மற்றவர் வாசலில் காத்திருக்க வேண்டும். புரோகிராமிலும் இந்தச் சாவி உண்டு. பூட்டு என்கிறார்கள். ஒஹையோவில் நடந்தது, சாவி இருக்க வேண்டிய இடத்தில் அது சரியாக இல்லாததால் வந்த வினை.

பெண்ணின் அப்பா கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து "எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்று கேட்டால் "பத்துப் பேர்" என்று பதில் வரும். பதில் உண்மை. ஆனால் இலை போட இன்னும் எத்தனை நேரம் ஆகும் என்பதற்கு அது பதில் ஆகாது. பத்தில் மூன்று பேர் சாவிக்காக நிற்கலாம், இரண்டு பேர் தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கலாம், ஒருவர் மூட்டைமேல் சாய்ந்து தூங்கலாம். புரோகிராமர்கள் கேட்கும் கேள்வியும் பெரும்பாலும் இந்தத் தலை எண்ணும் கேள்வியாகவே இருப்பதுதான் சங்கடம்.

எண்ணுவதற்கு வழிகள் ஏராளம். லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் 'ப்ராக்' என்ற கோப்பகத்தின் கீழ் ஓர் இடம் உண்டு. அதனுள் 'டாஸ்க்' என்ற உட்பிரிவில் இழை ஒன்றுக்கு ஓர் அறை வீதம் இருக்கும். 'டாப்' என்ற கட்டளையை இழைவாரியாகக் காட்டச் சொன்னால், எந்த இழை பிராசஸரை எவ்வளவு தின்கிறது என்று நொடிக்கு நொடி தெரியும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எழுத்து இருக்கும். 'ஆர்' என்றால் ஓடுகிறது, அல்லது ஓடத் தயாராக வரிசையில் நிற்கிறது. 'எஸ்' என்றால் தூக்கம், தட்டினால் எழுந்திருக்கும். 'டி' என்றால் தட்டினாலும் எழாத தூக்கம். பெரும்பாலும் டிஸ்க் பதிலுக்காகக் காத்திருப்பது. அனுபவஸ்தர்கள் வரிசையாக 'டி' கண்டால் புரோகிராமை விட்டுவிட்டு டிஸ்க்கைப் பார்க்கப் போவார்கள்.

ஜாவா மொழியில் எழுதிய புரோகிராம்களுக்கு இன்னும் வசதி. ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா புரோகிராமுக்கு 3ஆம் எண் சிக்னலை அனுப்பினால் அது நிற்காது. தன் எல்லா இழைகளின் நிலையையும், ஒவ்வொன்றும் எந்த வரியில் நிற்கிறது, எந்தச் சாவிக்காகக் காத்திருக்கிறது என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைத் தொடரும். 'ஜேஸ்டாக்' என்ற கருவியும் இதையே செய்கிறது. உன்னிடம் இருக்கும் சாவிக்கு நான், என்னிடம் இருக்கும் சாவிக்கு நீ என்று இரண்டு இழைகள் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றுவிட்டால், அந்த முட்டுக்கட்டையைத் தானே கண்டுபிடித்து அடியில் குறிப்பும் எழுதிவிடும். ஆனால் அது கண்டுபிடிப்பது சாவிகளால் வந்த முட்டுக்கட்டையைத்தான். வெளியிலுள்ள டேட்டாபேஸிடமிருந்து பதில் வராமல் நின்றால் அதற்குத் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. 2004ல் வந்த ஜாவா 5 முதல் இழைகளுக்கு ஆறு நிலைகள் என்று வகுத்திருக்கிறார்கள். அதில் 'ரன்னபிள்' என்று போட்டிருந்தால் ஓடுகிறது என்றுதான் புதிதாக வந்தவர் படிப்பார். நெட்வொர்க் வழியாக வரவேண்டிய பதிலுக்காக அரை மணியாக வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும் இழையும் அந்தப் பட்டியலில் 'ரன்னபிள்' என்றே வரக்கூடும். ஜாவாவின் கண்ணுக்கு அது எந்தச் சாவிக்கும் காத்திருக்கவில்லை. ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் போயிருக்கிறது, அவ்வளவுதான். பட்டியலில் பார்த்தால் இருநூறு இழைகள் சுறுசுறுப்பாக இருப்பதாகத் தோன்றும். பிராசஸரைப் பார்த்தால் அது கிட்டத்தட்ட சும்மா இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவர் ராத்திரி முழுக்கத் தவறான இடத்தைத் தோண்டிக்கொண்டிருப்பார்.

ஒரு புகைப்படத்தை வைத்து ஆள் நடக்கிறாரா நிற்கிறாரா என்று சொல்ல முடியாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் சில வினாடி இடைவெளியில் மூன்று நான்கு முறை பட்டியல் எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள். எல்லாவற்றிலும் ஒரே வரியில் நிற்கும் இழைகள் எவை? அவற்றில் பிராசஸரைத் தின்பது எது, தின்னாமல் நிற்பது எது? தின்றுகொண்டே ஒரே சில வரிகளுக்குள் சுற்றினால் அது ஆக்ரன் நோய். தின்னாமல் நின்றால் யாருக்காகவோ காத்திருக்கிறது. அந்த யாரோ யார் என்று தேட வேண்டும். இழைகளுக்குப் பெயர் வைத்திருந்தால் இந்தத் தேடல் சுலபம். 'த்ரெட்-17' என்று இருந்தால் தலைவேதனை. பெயர் வைப்பது ஒரு வரி வேலைதான், ஆனாலும் பாதிப் பேர் வைப்பதில்லை. லினக்ஸ் 15 எழுத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை என்பது சோம்பேறிகளுக்குச் சாக்கு ஆகாது.

வெளியிலிருந்து பார்ப்பது ஒரு விஷயம். புரோகிராமே தன்னைப் பார்த்து, எத்தனை இழைகள் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணி, அதை வைத்து முடிவெடுப்பது வேறு விஷயம். அது ஆபத்தானது. ஜாவாவில் அப்படி எண்ணிச் சொல்லும் ஒரு கட்டளை இருக்கிறது. அது தரும் எண் ஒரு மதிப்பீடு மட்டுமே என்று அதன் விளக்கக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணி முடிப்பதற்குள் ஓர் இழை முடிந்திருக்கலாம், இன்னொன்று பிறந்திருக்கலாம். இவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டு, 'ஆம்' என்ற பதிலை நம்பி அடுத்த அடி வைப்பதற்குள் அவர் போய்ச் சேர்ந்திருப்பார். பைத்தான் மொழியில் வேறொரு வேடிக்கை. வழக்கமான பைத்தானில் பத்து இழைகள் உயிரோடு இருப்பதாகக் கணக்கு வரும். ஆனால் பைத்தான் கட்டளைகளை ஒரு சமயத்தில் ஒன்றுதான் நிறைவேற்றும். மற்றவை முறைக்காக நிற்கும். 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில்தான் இந்தக் கட்டுப்பாடு இல்லாத ஒரு வடிவத்தைச் சோதனை முறையில் வெளியிட்டார்கள்.

வேலை முடிந்ததா என்று திரும்பத் திரும்ப எட்டிப் பார்ப்பதைவிட, முடிந்ததும் சொல்லிவிடு என்று ஏற்பாடு செய்துவிட்டுக் காத்திருப்பதுதான் முறை. எல்லா மொழிகளிலும் அதற்கு வழி இருக்கிறது. எண்ணுவது நோய் கண்டறிய உதவும். அதையே வண்டி ஓட்டப் பயன்படுத்தக் கூடாது.

இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்காத ஒரு கதை செவ்வாய்க் கிரகத்தில் நடந்தது. நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கியது. காற்றுப் பைகளால் சுற்றப்பட்டு, பந்து போலத் துள்ளி உருண்டு நின்றது. சோஜர்னர் என்ற சின்ன வண்டி அதிலிருந்து இறங்கிப் பாறைகளை முகர்ந்தது. படங்கள் வந்தன, உலகம் கைதட்டியது. சில நாட்களில், பருவநிலைக் கருவியின் தகவல்களைச் சேகரிக்கத் தொடங்கியதும், தரையில் இருந்த கலத்தின் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து திரும்பக் கிளம்ப ஆரம்பித்தது. சேர்த்த தகவல் அழியவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அன்றைய மிச்ச வேலைகள் மறுநாளுக்குத் தள்ளிப் போயின. சில வாரமே வாழும் என்று கணக்கிட்ட கலத்துக்கு ஒரு நாள் என்பது பெரிய விலை. கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் அதிக வேலை செய்ய முயன்றுவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அது விளக்கம் ஆகாது.

கலத்தில் இருந்தது 20 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஒரே பிராசஸர். விண்ட் ரிவர் நிறுவனத்தின் வி.எக்ஸ்.வொர்க்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் அதை நடத்தியது. பல இழைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அந்தஸ்து. உயர்ந்த அந்தஸ்து உள்ளது வந்தால் தாழ்ந்தது வழிவிட வேண்டும். கருவிகளை இணைக்கும் தகவல் பாதையை நொடிக்கு 8 முறை ஓர் உயர்நிலை இழை ஒழுங்குபடுத்தியது. பாதையில் வந்ததை உரியவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க இன்னொன்று. அதுவும் உயர்ந்த அந்தஸ்துதான். முதல் இழை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கேள்வி கேட்கும்: போன சுற்றில் பங்கிடுகிறவர் வேலையை முடித்தாரா? முடிக்கவில்லை என்றால் ஏதோ பெரிய கோளாறு என்று முடிவு கட்டி எல்லாவற்றையும் அணைத்துத் திரும்பக் கிளப்பிவிடும்.

கவனிக்க வேண்டிய விஷயம், அது 'உயிரோடு இருக்கிறாயா' என்று கேட்கவில்லை. 'முடித்தாயா' என்று கேட்டது. ஆக்ரனில் இந்தக் கேள்வியைக் கேட்க யாரும் இல்லை.

பங்கிடும் இழை ஏன் முடிக்கவில்லை? திரும்பவும் சமையற்கட்டுக்கு வரலாம். இங்கே ஒரே அடுப்பு. எடுபிடிப் பையன் உக்கிராணச் சாவியை வாங்கிக்கொண்டான். அடுப்பில் ஒரு நிமிட வேலையை முடித்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். அந்த நேரம் தலைமைச் சமையல்காரர் வந்து சாவி கேட்கிறார். இரு, பையன் முடிக்கட்டும் என்று வாசலில் நிற்கிறார். அதற்குள் அப்பளக்காரர் வருகிறார். பையனைவிடப் பெரியவர், தலைமைக்குச் சின்னவர். பையனை அடுப்பிலிருந்து தள்ளிவிட்டு அப்பளம் பொரிக்கத் தொடங்குகிறார். அவருக்குச் சாவி வேண்டாம், உக்கிராணத்தைப் பற்றிக் கவலையும் இல்லை. விதிப்படி அவர் செய்தது சரி. பையன் ஓரமாக நிற்க, சாவி பையன் மடியில் இருக்க, கல்யாணத்துக்கே பெரியவரான தலைமைச் சமையல்காரர் அப்பளம் பொரிந்து முடிவதற்காகக் காத்திருக்கிறார்.

பாத்ஃபைண்டரில் எடுபிடிப் பையன் பருவநிலைக் கருவியின் இழை. அப்பளக்காரர்கள் நடுத்தர அந்தஸ்து இழைகள். சாவி, பாத்ஃபைண்டர் குழு எழுதியதே அல்ல, வி.எக்ஸ்.வொர்க்ஸின் உள்ளே, தகவல் குழாய்களைக் கவனிக்கும் பகுதியில் இருந்தது. மற்ற கருவிகள் வேறு வழியில் தகவல் வாங்கின. பருவநிலை இழை மட்டும் இந்தக் குழாய் வழியே வாங்கியது. தாங்கள் எழுதாத பூட்டில் தாங்கள் மாட்டுவோம் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

கண்டுபிடித்த விதம்தான் சுவாரசியம். கலிபோர்னியாவில் பாசடீனாவிலுள்ள ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தில், கலத்தின் இரட்டைப் பிறவி போன்ற ஒரு சோதனை அமைப்பு இருந்தது. எந்த இழை எப்போது ஓடத் தொடங்கியது, எப்போது விலகியது, எந்தச் சாவியை எடுத்தது என்று வரிசையாகப் பதிவு செய்யும் வசதி சாஃப்ட்வேரிலேயே இருந்தது. இழை புரோகிராம்களில் பார்ப்பதற்காகச் சேர்க்கும் ஒரு வரிகூட நேரத்தை மாற்றி, பிழையை ஒளித்துவிடும். ஹைசன்பர்க் பெயரால் அவற்றுக்கு ஹைசன்பக் என்று கேலிப் பெயர் உண்டு. கண்காணிப்பை ஆரம்பத்திலிருந்தே உள்ளே வைத்துக் கட்டியிருந்ததால் இவர்களுக்கு அந்தத் தொல்லை குறைந்தது. செவ்வாயில் நடந்த அதே வேலைகளைத் தரையில் ஓட விட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் அதே கோளாறு வந்து விழுந்தது. பதிவைப் புரட்டினால் பையன், அப்பளக்காரர், வாசலில் நிற்கும் தலைமை எல்லாம் வரிசையாகத் தெரிந்தது.

வைத்தியம் புதிதல்ல. சாவி வைத்திருப்பவனுக்காகப் பெரியவர் காத்திருந்தால், சாவியைத் திருப்பும் வரை அந்தப் பெரியவரின் அந்தஸ்தை அவனுக்குக் கடன் கொடுப்பது. அப்பளக்காரரால் அவனைத் தள்ள முடியாது. 1980ல் சிக்கலை லாம்ப்சனும் ரெடலும் எழுத்தில் பதிவு செய்திருந்தார்கள். 1990ல் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹாக்ஸ்கி ஆகிய மூவரும் தீர்வைக் கணித ரீதியாக அலசி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ராஜ்குமார் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் 1984ல் பொறியியல் முடித்து, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்.

வி.எக்ஸ்.வொர்க்ஸிலும் அந்த வசதி இருந்தது. ஆனால் இந்தச் சாவிக்கு அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது, வேகத்துக்காக. போட வேண்டியது ஒரு மாறியின் மதிப்பை மாற்றும் சின்ன ஒட்டு. அந்த மாறி மற்றச் சாவிகளையும் பாதிக்குமா, வேகம் குறையுமா என்று விண்ட் ரிவர்காரர்களோடு பேசி, சோதித்துப் பார்த்த பிறகே அனுப்பினார்கள். சிக்னல் ஒரு வழி போகவே 10 நிமிடத்துக்கு மேல் ஆகும் தூரம். தவறினால் போய்ச் சரிசெய்ய ஆள் இல்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு கருத்தரங்கில் விண்ட் ரிவரின் டேவிட் வில்னர் இந்தக் கதையைச் சொன்னார். 1990 கட்டுரையை எழுதிய மூவரும் அதே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் அவர்களுக்காக ஆரவாரம் செய்தது. கோட்பாட்டுக்காரர்களுக்கு அடிக்கடி கிடைப்பதில்லை இது.

இன்னொரு விவரமும் பின்னர் வெளியே வந்தது. ஏவுவதற்கு முன்பே, ஆய்வகச் சோதனையில் இந்தக் கோளாறு தலைகாட்டியிருந்தது. திரும்ப வரவழைக்கப் பார்த்தார்கள், வரவில்லை. யாரும் அதை மறந்துவிடவில்லை என்கிறார் சாஃப்ட்வேர் குழுவின் தலைவர் க்ளென் ரீவ்ஸ். ஆனால் அப்போது எல்லோருடைய கண்ணும் பத்திரமாக இறங்குவதிலேயே இருந்தது; இதற்குக் குறைந்த அந்தஸ்துதான் கிடைத்தது. கலம் இறங்கியது, ஒட்டு போடப்பட்டது, ஒரு மாதத்துக்குத் திட்டமிட்ட பயணத்தில் 1997 செப்டம்பர் 27 வரை தகவல் வந்துகொண்டிருந்தது.